பெற்றோர் தெரியாது, சாதி தெரியும்

ஆய்வுக்காகச் செங்கல்பட்டுப் பகுதியின் பழைய கிறித்தவ மிஷன் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு மனுஷி ஒருத்தியை அதில் கண்டேன். என் ஆயாவின் ஆயா. 1877-இல் மிஷன் நடத்திய அனாதை விடுதியில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளின் பட்டியல் அது. பெயர் இருந்தது, மிஷன் வைத்த பெயர். வயது சுமார் ஆறு. பெற்றோர் என்ற கட்டத்தில் 'தெரியாது'. ஊர் என்ற கட்டத்திலும் 'தெரியாது'. அடுத்தது சாதி. அந்தக் கட்டம் மட்டும் நிரப்பப்பட்டிருந்தது: 'பறையர்'.

அது அவர்தானா என்று சரிபார்க்க இரண்டு மாதம் ஆனது. அதே மிஷனின் திருமணப் பதிவேட்டில் அதே பெயர், கணவர் ஊராக எங்கள் ஊர், தந்தை பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு. சந்தேகம் தீர்ந்தது. கேள்வி தீரவில்லை. பெற்றவர்கள் யாரென்றே தெரியாத பிள்ளையின் சாதி மட்டும் எப்படித் தெரிந்தது?

சாதி பிறப்பால் வருவது என்பதுதானே நமக்குச் சொல்லப்பட்டது? பிறப்பே தெரியாத இடத்தில் அது எங்கிருந்து வந்தது? கஞ்சி ஊற்றும் இடத்தில் அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், யார் தூக்கி வந்தார்கள், தோலின் நிறம் என்ன, இடுப்பில் என்ன துணி என்பதையெல்லாம் பார்த்து யாரோ எழுதியிருக்க வேண்டும். "பிள்ளையே சொல்லியிருக்கலாமே?" என்று நெறியாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் சொல்லத் தெரியாத ஆறு வயதுப் பிள்ளைக்குச் சாதியை மட்டும் சொல்லத் தெரிந்திருந்தது என்றால், அது இன்னும் பெரிய கொடுமை.

அது தாது வருடப் பஞ்சத்தின் காலம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். அதில் நிலமற்ற கூலிகளே முதலில் விழுந்தார்கள். 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று குறைத்தார். அரைக் கிலோவுக்கும் குறைவு. இந்த அளவு உயிர் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். இருவருக்கும் நடந்த வாதம் பக்கம் பக்கமாக அச்சில் இருக்கிறது. தானியத்தை அவுன்ஸ் கணக்கில் நிறுத்தார்கள். தின்றவர்களின் பெயரோ, நான் பார்த்த நிவாரணக் கோப்புகளில் ஒரு இடத்திலும் இல்லை. தலைகளின் எண்ணிக்கை மட்டும்.

ஆவணம் யாருக்காக எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது இது. அதே காலத்தில் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறிய கூலியின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதி வைத்தார்கள். ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! இன்று டர்பனில் வாழும் ஒருவர், 1860-இல் 'ட்ரூரோ' கப்பலில் போய் இறங்கிய தன் முன்னோரின் தகப்பன் பெயரைக் கண்டுபிடித்துவிட முடிகிறது. உள்ளூர்ப் பண்ணையில் வேலை செய்தவரின் பேரனுக்கு அது முடிவதில்லை. பண்ணையாருக்குப் பட்டா இருந்தது, பண்ணையாளுக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

அமெரிக்கக் கறுப்பின மக்களும் இதே சுவரில் முட்டிக்கொண்டவர்கள்தான். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் எஜமானரின் பெயருக்குக் கீழே வயதும் பாலினமும் நிறமும் இருக்கும். பெயர் இருக்காது. விடுதலைக்குப் பிறகு 1870-இல்தான் பெரும்பாலோர் பெயரோடு எண்ணப்பட்டார்கள். பிரடெரிக் டக்ளஸ் தன் பிறந்த தேதி தெரியாமலே இறந்தார். 1818 பிப்ரவரி என்ற விவரம் எஜமானரின் கணக்கேட்டில் இருந்தது, தாயின் பெயரோடு. தகப்பன் பெயர் அதிலும் இல்லை.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது சித்தப்பா மகன் கேட்டான்: "ஏன்க்கா, பதிவேட்டில் இல்லைன்னா என்ன? நாம ஆண்ட பரம்பரைன்னு யூடியூப்ல ஆதாரத்தோட போடறாங்களே. அதை எழுதேன்." அவன் கேட்பதன் வலி எனக்குப் புரிகிறது. வகுப்பில் எல்லோரும் தாத்தா பெருமை பேசும்போது நம்மிடம் ஒரு கோடு மட்டும் இருந்தால், அந்த இடத்தில் ஒரு ராஜாவை உட்கார வைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது.

ஆனால் ராஜாவை உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஆண்டவனுக்குத்தான் மரியாதை என்ற விதியை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த விதிதானே நம்மைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தியது? ரத்தத்தில் பெருமை உண்டு என்று சொன்னால், ரத்தத்தில் இழிவு உண்டு என்பதையும் மறுக்க முடியாது. தீண்டத்தகாதவர்கள் தனி இனம் என்ற வாதத்தை அம்பேத்கர் 1948-இல் வெளியான தன் நூலில் உடல் அளவைத் தரவுகளைக் கொண்டே மறுத்தார். ரத்தத்தில் தேடினால் எதுவும் கிடைக்காது என்று அவர் காட்டி முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. நாம் இன்னும் டிஎன்ஏ சோதனைக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். "உன் கொள்ளுப்பாட்டியின் சாதியே உறுதியில்லை, பிறகு எதற்கு உனக்கு இட ஒதுக்கீடு?" இட ஒதுக்கீடு ரத்தத்துக்குத் தரப்படுவதில்லை. அந்தக் கட்டத்தில் ஒரு சொல் எழுதப்பட்ட பிறகு என்ன நடந்ததோ, அதற்கானது. அந்தச் சொல்லால் அவர் சேரியில் வாழ்ந்தார். ஊர்க் கிணற்றில் தண்ணீர் சேந்த முடியவில்லை. அவர் மகள் பள்ளிக்கூடம் போகவில்லை. என் ஆயா நாற்று நட்டார். ஐந்தாவது தலைமுறையில் நான் ஆய்வு மாணவி. அவர் யாருக்குப் பிறந்தார் என்பது தெரியாது. அவரை எப்படி நடத்தினார்கள் என்பது முழுக்கத் தெரியும்.

இன்று தமிழ்நாட்டில் பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, ஆதரவுக்கு யாருமின்றி, அரசு அங்கீகரித்த இல்லத்தில் சேரும் பிள்ளைகளைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அதாவது 1877-இல் அந்த எழுத்தர் வேறு மாதிரியும் எழுதியிருக்க முடியும். சாதி என்பது யாரோ எடுத்த முடிவு. எடுத்த முடிவை மாற்றவும் முடியும்.

ஆயா சிறுமியாக இருந்தபோது அவரைப் பார்த்திருக்கிறார். ஊரில் 'தாது வருசத்துப் பொண்ணு' என்றுதான் கூப்பிடுவார்களாம். "உன்னைப் பெத்தது யாரு?" என்று பிள்ளைகள் சீண்டினால், "கஞ்சித்தொட்டி" என்பாராம். சட்டியில் ஒட்டிய பருக்கையைக்கூட வழித்துத் தின்ன வைப்பாராம். இதை நான் கேட்டு எழுதிவைக்கும்வரை எந்தக் காகிதத்திலும் இது இல்லை.

வாசிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரே வேண்டுகோள். இந்த வாரமே உங்கள் வீட்டின் மூத்த மனுஷியிடம் உட்காருங்கள். அவருடைய அம்மாவின் பெயர், அந்த அம்மாவின் அம்மாவின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள், யார் நிலத்தில் வேலை செய்தார்கள், என்ன கூலி என்று கேட்டு எழுதுங்கள். பெண்களின் பெயரை விடாதீர்கள், முதலில் தொலைவது அதுதான். தெரியாத இடம் வந்தால் 'தெரியாது' என்று எழுதுங்கள். அதைப் பொய்யால் நிரப்பினால், நம் பாட்டிகளுக்குப் பெயர் தராதவர்கள் செய்த தவற்றுக்கு இருக்கும் ஒரே சாட்சியை நாமே அழித்துவிடுவோம்.

என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் குடும்ப மரம் ஒன்று வரைந்திருக்கிறேன். மேலே அவர் பெயர். அதற்கும் மேலே இரண்டு கட்டங்கள் காலியாக இருக்கின்றன. அவை அப்படியேதான் அச்சாகும்.