தனித்து நிற்கும் தகுதி

நள்ளிரவில் மூச்சுத் திணறும் குழந்தையை இளம் மருத்துவரிடம் ஒப்படைக்கிறீர்கள். அவர் தனித்து இயங்கத் தகுதியுற்றவர் என்பதை எவ்வாறு அறிவது?

அமெரிக்காவில் குழந்தை மருத்துவப் பயிற்சி 3 ஆண்டுகள். எனினும், ஆண்டுகள் கழிந்தமையே தகுதியாகிவிடாது. நெதர்லாந்து அறிஞர் ஒல்லே டென் காட்டே 2005இல் முன்வைத்த கருத்தையொட்டி, ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியே தகுதியை அளவிடும் முறை அமெரிக்காவிலும் உண்டு. படிகள் 5: பார்த்திருத்தல், ஆசிரியர் அருகிருக்கச் செய்தல், அழைத்தால் அவர் வரும் நிலையில் செய்தல், தனித்துச் செய்தல், பிறரை வழிநடத்தல். நலமாய்ப் பிறந்த சிசுவைப் பேணுவதில் நான்காம் படியில் நிற்பவர், உயிருக்குப் போராடும் குழந்தையிடத்தில் மூன்றாம் படியிலேயே நிற்கக்கூடும்.

மாணவரிடம் பாடம் கேட்டுவரும் ஆசிரியன் நான். தடையின்றி ஒப்பித்தவன், நடுவிலிருந்து வினவியபோது திகைத்ததைக் கண்டிருக்கிறேன். அறிவோடு, தன் எல்லையை ஒப்புக்கொள்ளும் வாய்மையும் வேண்டும். ஆகவே, "மூத்த மருத்துவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பவரை இகழாதீர்கள். அதுவும் தகுதியின் அடையாளமே.