சோப்புக் காய்ச்சவா பல்கலைக்கழகம்?

ஒக்கலிபுரத்தில் நம் வீதியில் வாழும் பெரியவர் ஒருவர் சென்ற வாரம் நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருக்கிறாள். தொழில் ரசாயனம் பயில வேண்டுமென்பது அவளுடைய விருப்பம். பெரியவருக்கோ அது சிறிதும் பிடிக்கவில்லை. "சோப்புக் காய்ச்சுவதற்கா, தம்பி, பெண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது?" என்று கேட்டார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நாம் ரசாயனம் கற்றவரல்லோம். ஆயினும், இவ்வினா நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் எழக்கூடியது. ஆதலின் விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

சோப்பைக் கொண்டே தொடங்குவோம். மைசூர்ச் சீமையின் சந்தனம் ஒரு காலத்தில் கட்டையாகவே கப்பலேறிற்று. பெரும்பகுதி ஜெர்மனிக்குச் சென்று அங்கே தைலமாயிற்று. 1914ல் மகாயுத்தம் மூண்டது, ஏற்றுமதி நின்றது, கட்டைகள் தேங்கின. அப்போது கைகொடுத்தது நம் நகரத்து இந்திய விஞ்ஞானக் கழகம். 1911ல் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டபோதே பொது ரசாயனத்தோடு பயன்முறை ரசாயனத்தையும் கற்பிக்கத் தொடங்கிய நிலையம் அது. பேராசிரியர்கள் சட்பரோ, வாட்சன் ஆகியோர் அங்கே சந்தனத் தைலம் வடிக்கும் முறையை ஆராய்ந்து தெளிந்தனர். 1916ல் மைசூர் அரசினர் பெங்களூரில் தைல ஆலை நிறுவினர். 1918ல் சோப்புத் தொழிற்சாலையும் எழுந்தது. இங்கிலாந்தில் அக்கலையைப் பயின்ற எஸ். ஜி. சாஸ்திரி சந்தனச் சோப்புக்கு உருக்கொடுத்தார். நம் பேட்டைக்கு அருகே இராஜாஜிநகரில் இன்றும் நடைபெறும் தொழிற்சாலையின் கதை இதுவே. கட்டையை விற்ற நாடு தைலத்தையும் சோப்பையும் விற்கலாயிற்று. இடையே நின்றது கல்வி.

அக்கல்வியில் அப்படி என்ன இருக்கிறது? ஆழாக்கு அரிசியைச் சோறாக்கத் தெரிந்த எல்லோரும் கல்யாண வீட்டில் அண்டாவை அடுப்பேற்றிவிட முடியுமா? அடி பிடிக்கும், மேலே அரிசி வேகாது நிற்கும். ஆய்வுக்கூடத்துக்கும் ஆலைக்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. ஒரு பாத்திரத்தின் நீள, அகல, உயரங்களைப் பத்து மடங்காக்கினால், அது கொள்ளும் சரக்கு 1000 மடங்காகும். சூடு வெளியேறும் மேற்பரப்போ 100 மடங்குதான் ஆகும். குவளையில் சாதுவாக நடந்த மாற்றம் பெருங்கொப்பரையில் கட்டுமீறிக் கொதித்தெழுவது இதனால்தான். அதை அடக்கி நடத்துவதற்குக் கணக்கும் பயிற்சியும் வேண்டும்.

கழிவைப் பற்றிய அறிவும் இதில் அடங்கும். எண்ணெயோடு காஸ்டிக் சோடா சேர்ந்தால் சோப்புடன் கிளிசரினும் உண்டாகிறது. பிரித்தெடுத்தால் அது மருந்துக்கு உதவும். சாக்கடையில் விட்டால் பொருளும் போகும், நீரும் கெடும். நீர் கெட்டால் என்னவாகும் என்பதை நாம் பெல்லந்தூர் ஏரியில் பார்த்தோம். 2015ல் அங்கே நுரை பொங்கித் தீயும் பற்றியது. வீடுகளின் கழிவுநீரும், அதில் கலந்த சலவைத்தூளும் அந்நுரைக்குக் காரணங்களாயின. இத்தகைய கேட்டைத் தீர்க்க வழி காண்பதும் ரசாயனம் கற்றவர் பணியே.

பெற்றோர் கவனிக்கவேண்டுவன சில உண்டு. தொழில் ரசாயனத்தில் பி.எஸ்ஸி. வேறு, ரசாயனப் பொறியியலில் பி.டெக். வேறு. முன்னது பொருள்களின் ஆக்கத்திலும் சோதனையிலும் ஆழும். பின்னது ஆலையை வகுத்து நடத்துவதில் ஆழும், அதற்குக் கணிதம் இன்றியமையாதது. 1944ல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் எழுந்து, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயுள்ள கிண்டித் தொழில்நுட்பக் கல்லூரி பின்னதைக் கற்பிக்கிறது. எதில் சேர்வதாயினும் ஆய்வுக்கூடத்தை நேரிற் காண்க. தொழிற்சாலைப் பயிற்சி உண்டா, மேற்படிப்புக்கு அப்பட்டம் செல்லுமா என்று கேட்டறிக. ஆலை வேலையில் இரவு முறையும் வரலாம். இரயில்வேக் குடும்பங்களுக்கு அது புதிதன்று.

இவற்றையெல்லாம் பொறுமையோடு கேட்ட பெரியவர், "கல்லூரியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். மகளையும் உடன் அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொண்டோம். படிக்கப்போகிறவள் அவளல்லவா?