காமிராவின் கண்ணும் அம்மாவின் கண்ணும்

“பிள்ளைகளோடு கோடை விடுமுறைக்கு ஜவ்வாது மலை போகிறோம் அக்கா. இவர் புதுக் காமிரா வாங்கியிருக்கிறார். ஆட்டோவில் வைத்தால் போதும் என்கிறார். மேனுவலில் எடுத்தால்தான் படம் படமாக இருக்கும் என்கிறாள் என் நாத்தனார். யார் சொல்வதைக் கேட்பது?” என்று இளம் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார்.

வீட்டில் சண்டை வேண்டாம் தங்கச்சி! இரண்டு பேர் சொல்வதும் சரிதான்; ஆளுக்குப் பாதி சரி.

குக்கரில் அரிசியைப் போட்டுவிட்டு, மூன்று விசில் வந்ததும் இறக்கிவிடுகிறோம். பழகின அரிசி, அளவான தண்ணீர் என்றால் பிசகாது. அதே குக்கரில் ஜவ்வாது மலையில் விளைகிற சாமையைப் போட்டால் என்ன ஆகும்? குழைந்துபோகும். அதை நாம்தான் பக்கத்தில் நின்று பார்த்து இறக்க வேண்டும். ஆட்டோவும் மேனுவலும் இவ்வளவுதான்.

படத்துக்கு வெளிச்சம் விடுவது மூன்று சங்கதிகள். லென்ஸின் துவாரம் எவ்வளவு திறக்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, வெளிச்சத்தைக் காமிரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது (இதைத்தான் ஐ.எஸ்.ஓ. என்று போட்டிருப்பார்கள்). ஆட்டோவில் இந்த மூன்றையும் காமிராவே முடிவு செய்துகொள்ளும். மேனுவலில் நாம் வைக்கிறோம்.

காமிரா எதைக் கொண்டு முடிவு செய்கிறது தெரியுமா? வெள்ளையும் இல்லாத, கறுப்பும் இல்லாத ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்தை மனசில் வைத்துக்கொண்டு, எல்லாக் காட்சியையும் அதற்குச் சமமாக ஆக்கப் பார்க்கும். இப்போதைய காமிராக்கள் முகத்தைக் கண்டுபிடிக்கின்றன, நிறையக் கணக்கும் போடுகின்றன. ஆனாலும் அடிப்படைப் புத்தி அதுதான்.

மலையில் விடிகாலையில் வெள்ளை வெளேரென்று பனிமூட்டம் இறங்குகிறது என்று வையுங்கள். “ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி!” என்று காமிரா குறைத்துவிடும். பனி அழுக்குத் துணி மாதிரி சாம்பலாக விழும். அதன் முன்னால் நிற்கிற நம் பிள்ளையின் மாநிற முகமோ இருட்டடித்துப் போகும். மலைச் சரிவில் வானத்துக்கு எதிரே நிறுத்தி எடுத்தாலும் இதே கதைதான். இதற்கு முழு மேனுவலுக்குக் கூடப் போக வேண்டாம். கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தான் ஒன்று இருக்கும்; அதைக் கூட்டல் 1-க்குத் தள்ளுங்கள். சில காமிராக்களில் சுத்த ஆட்டோவில் இந்தப் பொத்தான் வேலை செய்யாது. அப்போது பக்கத்தில் ‘பி’ என்று இருப்பதில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் என்றால் திரையில் குழந்தையின் முகத்தைத் தொட்டு, பிறகு சூரியன் மாதிரி வரும் குறியை மேலே இழுங்கள். முகம் தெளியும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல செல்போன்களில் ‘ப்யூட்டி’ என்று ஒன்று, கேட்காமலே முகத்தை வெளுத்துக் காட்டும். முதலில் அதை அணைத்துவிடுங்கள். இருபது வருஷம் கழித்துப் பெண் ஆல்பத்தைப் புரட்டும்போது, “அம்மா, நான் குழந்தையில் இவ்வளவு சிவப்பாகவா இருந்தேன்? அப்புறம் ஏன் கறுத்துப் போனேன்?” என்று கேட்க வேண்டுமா? அவள் பிறந்த நிறம் அவளுக்கு அழகு. அது உள்ளபடி படத்தில் இருக்கட்டும்.

ஓடுகிற பிள்ளைக்கு ஆட்டோதான். நீங்கள் துவாரத்தைத் திருகி, ஷட்டரைத் திருகி நிமிர்வதற்குள் அது மரத்துக்குப் பின்னால் போயிருக்கும். சிரிப்பு காத்திருக்காது! கொஞ்சம் பழகிய பின் ‘எஸ்’ அல்லது ‘டிவி’ என்று இருப்பதில் வைத்து, ஷட்டரை மட்டும் 1/500 நொடி என்று நீங்கள் சொல்லுங்கள். மற்றதைக் காமிரா பார்த்துக்கொள்ளும். கையும் காலும் கலங்காமல் விழும்.

ஜமுனாமரத்தூர் பக்கம் பீமன் அருவி இருக்கிறது. தண்ணீர் விழுந்தால் அங்கே மேனுவலைப் பழகலாம். அருவி எங்கும் ஓடிவிடாது அல்லவா! 1/1000 நொடியில் எடுத்தால் துளித்துளியாகத் தெறிக்கும். முக்காலி ஸ்டாண்டில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் 16, ஷட்டர் அரை நொடி என்று நிழலான நேரத்தில் எடுத்துப் பாருங்கள். பட்டுப் புடவையை உதறி விரித்த மாதிரி விழும். எது வேண்டும் என்பது உங்கள் மனசுக்குத் தெரியும், காமிராவுக்குத் தெரியாது.

ஆட்டோ அறவே கைவிடுகிற இடம் இராத்திரி வானம். ஜவ்வாது மலையின் காவலூரில் 1968 முதல் வானத்தை ஆராய்கிறார்கள். 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே திறக்கப்பட்டு, வானாய்வகத்துக்கு வைணு பாப்பு என்ற விஞ்ஞானியின் பெயர் சூட்டப்பட்டது. 1988 பிப்ரவரியில் அங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இருட்டான வானமும் ஒரு காரணம்.

அந்த வானத்தை ஆட்டோவில் எடுத்தால் ‘பளிச்’ என்று பிளாஷ் அடிக்கும். அந்த வெளிச்சம் நாலைந்து மீட்டர் கூடத் தாண்டாது. நட்சத்திரத்துக்கு எப்படிப் போகும்? பிளாஷை அணையுங்கள். மேனுவலில் ஐ.எஸ்.ஓ. 1600, துவாரம் 3.5, ஷட்டர் 15 நொடி. ஃபோகஸையும் கையால் ஒரு பெரிய நட்சத்திரத்தில் நிறுத்துங்கள். ஸ்டாண்டில் வைத்து, கை அசையாமல் இருக்க 2 நொடி டைமர் போடுங்கள். செல்போனில் ‘ப்ரோ’ என்று இருந்தால் இதையே செய்யலாம். 15 நொடிக்கு மேல் ரொம்பத் தாண்டினால் நட்சத்திரம் கோடாக இழுபடும். சுற்றுவது நம் பூமி! தொலைநோக்கி வானத்தோடு சேர்ந்து திரும்பும், நம் ஸ்டாண்டு திரும்பாதே. அமாவாசையை ஒட்டிப் போனால், மே மாதம் இரவு பத்து மணிக்கு மேல் தெற்குப் பக்கம் விருச்சிகம் தேள் மாதிரியே வளைந்து நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

வானாய்வகத்தின் பார்வை நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே டார்ச்சும் பிளாஷும் அவர்கள் வேலையைக் கெடுக்கும். அதே மாதிரி, மலைக் கிராமத்துப் பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நம் வீட்டு வாசலில் யாரோ வந்து அப்படி எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

ஆக, நேரம் குறைவென்றால் ஆட்டோ. நேரம் இருந்து, வெளிச்சம் வேறு மாதிரி இருந்தால் மேனுவல். ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு வாரம், ஜன்னலோரம் ஒரு தக்காளியை வைத்து மூன்று சங்கதிகளையும் மாற்றி மாற்றி எடுத்துப் பாருங்கள். பிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம்தான். இப்போது செலவே இல்லையே!

கடைசியாக ஒன்று. அநேக வீட்டு ஆல்பங்களில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அப்பா இருக்கிறார், அம்மாவை மட்டும் காணோம்! தினமும் ஒரு தடவையாவது காமிராவை ஆட்டோவில் வைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்களும் போய்ப் பிள்ளைகளோடு நில்லுங்கள். ஆட்டோவின் பெரிய உபகாரமே அதுதான்.