கேசரோல் என்பது சப்பாத்தி டப்பா அல்ல

நம்ம ஊரில் "கேசரோல்" என்றால் சப்பாத்தி ஆறிப்போகாமல் மூடி வைக்கும் டப்பா. கல்யாணத்துக்கு நாலு பேராவது பரிசாகக் கொடுப்பார்கள், ஒன்று சமையலறையில் இருக்கும், மற்றது பரணில் ஏறும். வெள்ளைக்காரர்கள் அதே பெயரில் சாப்பிடுவது வேறு. வேகவைத்த கோழி, கூடவே உருளைக்கிழங்கோ சோறோ நூடுல்ஸோ, மேலே கெட்டியாக ஒரு சாஸ்... எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் அடுக்கி ஓவனில் சுட்டு, பாத்திரத்தோடு மேசைக்குக் கொண்டு வருவார்கள்.

ஓவன், சீஸ் என்றதும் இது பணக்கார சமாச்சாரம் என்று நம்மில் பலருக்கு நினைப்பு. இல்லவே இல்லை. அமெரிக்காவில் 1930களின் பெருமந்தத்தில் கொஞ்சம் கறியை வைத்து வீடு முழுக்கப் பசியாற்றக் கைகொடுத்த பண்டம் இது. 1934இல் கேம்பெல்ஸ் நிறுவனம் காளான் சூப்பை டின்னில் கொண்டுவந்தது. அப்புறம் சாஸ் கிண்டும் வேலையும் மிச்சம். (பி.காமில் பெருமந்தத்தை மொத்தத் தேவை, வேலையின்மை என்று படிக்கிறோம். அன்றைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டார்கள் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை!)

நம்மிடமும் இந்தப் புத்தி உண்டு. சுண்டக்குழம்பு இருக்கிறது. பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்து ஆங்கிலோ இந்தியர்களின் ஜல்ஃப்ரேஸியே மிச்சக் கறியை வெங்காயம், மிளகாயோடு வதக்கிப் பிறந்ததுதான். இலங்கையில் டச்சு பர்கர்கள் சோறையும் கறியையும் வாழையிலையில் கட்டிச் சுடுவார்கள், பெயர் லம்ப்ரைஸ். இப்போது சென்னைக் கடைகளில் கிடைக்கும் கிழி பரோட்டாவைப் பாருங்கள். இலையில் பரோட்டா, சிக்கன் கிரேவி, திரும்பப் பரோட்டா, திரும்பக் கிரேவி, கட்டி ஆவியில் வைப்பது. என்னைக் கேட்டால் அதுதான் தமிழ்க் கேசரோல்.

சரி, இதைப் பற்றி எதற்கு இவ்வளவு பேச்சு?

ஞாயிற்றுக்கிழமை சண்முகம் சாலைக்குப் போய் ஒரு கிலோ கோழி வாங்குகிறோம். மதியம் எல்லோருக்கும் கறி. திங்கட்கிழமை அடியில் தங்கின குழம்பையும் நாலு எலும்பையும் யார் சாப்பிடுகிறார்கள்? உங்கள் வீட்டிலும் அம்மாதான் என்று பந்தயம் கட்டுவேன். "வீணாகப் போகுதேப்பா" என்பார்கள். நமக்கு மட்டும் புதுசாக முட்டை தோசை. மிச்சம் என்ற பெயர் இருக்கும்வரை அது அம்மாவின் தட்டுக்குத்தான் போகும். அதையே அடுக்கிச் சுட்டு நடுவில் வைத்தால் புதுப் பலகாரம். ஆளுக்கு ஒரு துண்டு, அம்மாவுக்கும் அதே துண்டு. கேசரோலில் எனக்குப் பிடித்தது ருசியைவிட இந்தப் பங்கீடுதான்.

"அம்மாவுக்கு இன்னொரு வேலையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் பசங்க செய்யணும் என்கிறேன். இதில் கைப்பக்குவம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

மிச்சக் கறியிலிருந்து எலும்பை எடுத்துவிட்டு, சதையைப் பிய்த்து, குழம்பைச் சுண்டவிடுங்கள். எண்ணெய் தடவின கிண்ணத்தில் பிய்த்த பரோட்டா ஒரு அடுக்கு, கறி ஒரு அடுக்கு, மசித்த உருளைக்கிழங்கு ஒரு அடுக்கு. மேலே ரெண்டு முட்டையைக் கொஞ்சம் பாலோடு அடித்து ஊற்றுங்கள். ஓவன் இல்லையா? அடி கனமான பழைய தேக்சாவில் ஒரு விரல் உயரத்துக்குக் கல் உப்பு பரப்பி, மேலே ஒரு வளையம் போட்டு, மூடி பத்து நிமிஷம் காயவிடுங்கள். அதற்குள் கிண்ணத்தை இறக்கி, மூடி, மெல்லிய தீயில் அரை மணி நேரம். கத்தியால் குத்தினால் ஒட்டாமல் வரணும், நடுவரைக்கும் ஆவி பறக்கணும். மேலே பொன்னிறம் வராது. வேண்டுமென்றால் தோசைக்கல்லில் கவிழ்த்து முறுகவிடலாம், அது இன்னும் நன்றாகவே இருக்கிறது. அம்மாவின் நல்ல குக்கரை மட்டும் எடுக்காதீர்கள், தண்ணீரில்லாமல் காய்ந்தால் கெட்டுவிடும்.

ஒரே ஒரு கண்டிப்பு. நம்ம வெயிலுக்குக் கறியை மதியத்திலிருந்து ராத்திரிவரை அடுப்பு மேடையில் விடக்கூடாது. சமைத்த ரெண்டு மணி நேரத்துக்குள், கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜுக்குப் போயாகணும். மூணு நாலு நாளுக்கு மேல் வைத்த கறி வேண்டாம். திரும்பச் சுடும்போது நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொடணும் என்பது கணக்கு. சோறு வைத்து அடுக்குபவர்கள் இன்னும் உஷாராக இருங்கள். வெளியே கிடந்த சோற்றில் சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு சூடு பண்ணினாலும் போகாது.

சீஸ் போடலாமா என்றால், மாசக் கடைசியாக இல்லாவிட்டால் போடுங்கள் :-)