வெறுஞ்சாக்கு திரும்பும் வழி

அறுவடைக் காலத்தில் நாகூருக்கு மேற்கேயுள்ள கிராமங்களிலிருந்து அரிசி ஆலைக்கு நெல் வந்து இறங்கும். நெல்லைக் களத்தில் கொட்டியதும் வெறுஞ்சாக்குகள் வந்த வண்டியிலேயே ஊர் திரும்பிவிடும். நெல்லோடு சாக்கையும் அரைத்துவிட்டால் மறுநடைக்கு எதில் அள்ளுவது?

ஆலை நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் கவலையோடு வந்தார். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகுதி என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். அவருடைய தமையனார் 42 வயதிலேயே மாரடைப்பால் காலமானவர். "எண்ணெய்ப் பலகாரம் தொட்டு ஆறு மாதமாகிறது, ஸார். பிறகும் ஏன் குறையவில்லை?" என்று கேட்டார். அவருடைய ஆலையைக் கொண்டே நாம் விடை சொன்னோம்.

கல்லீரலின் உயிரணு ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அதில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் பதிந்து நிற்கின்றன. அவைதாம் சாக்குகள். ரத்தத்தில் மிதந்து வரும் கொலஸ்ட்ரால் பொட்டலத்தை ஏற்பி பற்றியதும், சவ்வு அவ்விடத்தில் குழிந்து, சிறு பையாகப் பிரிந்து, உள்ளே எண்டோசோம் என்னும் அறையை அடைகிறது. அதுவே களம். அங்குள்ள லேசான அமிலம் பட்டதும் ஏற்பி பொட்டலத்தை நழுவவிடுகிறது. பொட்டலம் லைசோசோம் என்னும் ஆலைக்குப் போய் அரைபடுகிறது. ஏற்பியோ சவ்வுக்கே மீள்கிறது. ஒரு நடைக்குச் சுமார் 10 நிமிஷம். சுமார் 20 மணி நேர ஆயுளுக்குள் ஓர் ஏற்பி நூறு நடைக்குக் குறையாமல் போய் வருகிறது! இந்த ஏற்பியைக் கண்டறிந்து விளக்கிய மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-ல் நோபல் பரிசு பெற்றனர்.

திரும்ப வேண்டியதைப் பிரித்து அனுப்புவது யார்? பிற்காலத்தில் பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் இயக்குநராக விளங்கிய சத்யஜித் மேயர், 1993-ல் சக ஆராய்ச்சியாளர் இருவருடன் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தருகிறது. எண்டோசோமிலிருந்து மெல்லிய குழல்கள் கிளைக்கின்றன. குழலில் சவ்வு அதிகம், உள்ளிடம் சொற்பம். ஆகவே சவ்வில் பதிந்தவை குழல் வழியே திரும்புகின்றன. உள்ளே மிதப்பவை தங்கிவிடுகின்றன. திரும்புவதற்குத் தனிச் சீட்டு வேண்டியதில்லை. அழிவதற்குத்தான் தனி அடையாளம் வேண்டும்.

அப்படிப்பட்ட அடையாளம் ஒன்றைக் கல்லீரலே செய்கிறது. பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் தொற்றிக்கொண்டால் ஏற்பியும் நெல்லோடு சேர்ந்து அரைபட்டுப் போகும். சாக்கு குறையக் குறைய, ரத்தத்தில் கொலஸ்ட்ரால் தேங்கும். பிறவியிலேயே இப்புரதம் மிகுந்த வேகத்துடன் வேலை செய்யும் குடும்பங்களை 2003-ல் பிரான்ஸில் கண்டார்கள். அதனைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015 முதல் வழக்கில் உள்ளன. ஏற்பியே பழுதாய்ப் பிறப்பதும் உண்டு. இவ்வகைக் கோளாறு பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும், பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு.

"உமது கோளாறு எதுவென்று வைத்தியர்தாம் சொல்ல வேண்டும். ஆனால் பத்தியம் மட்டும் போதாதவர்களும் உண்டு, அது அவர்கள் குற்றமன்று" என்றோம்.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில், தம் பிள்ளைகள் இருவரோடு தமையனாரின் மகனையும் ரத்தப் பரிசோதனைக்காக நாகப்பட்டினம் அழைத்துச் சென்றார்.