மருந்தில்லா முறைக்கும் மனிதர் வேண்டும்

பிரசவ வேதனை பெண்ணின் தலைவிதி என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. பணம் படைத்த வீட்டுப் பெண்ணுக்குத் தனி டாக்டரும் மயக்க மருந்தும் கிடைத்தன. ஆலையில் நூல் சுற்றும் பெண்ணுக்கும், வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும் கிடைத்தது, "பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்" என்ற உபதேசம் ஒன்றுதான். இந்த அநியாயத்தை ஏற்க மறுத்தவர்களில் பாரீஸ் நகரத்து உலோகத் தொழிலாளர்களும் உண்டு. அந்த வரலாற்றை நம் உழைக்கும் மக்கள் அறிந்துகொள்வது அவசியம்.

1936ல் பிரான்சில் மக்கள் முன்னணி வெற்றி பெற்றது. நாடெங்கும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. சங்கங்களில் தொழிலாளர்கள் ஆயிரமாயிரமாகச் சேர்ந்தார்கள். மறு ஆண்டே, சி.ஜி.டி.யைச் சேர்ந்த உலோகத் தொழிலாளர் சங்கம் பாரீசின் ப்ளுவே தெருவில் தனக்கென ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கியது. யுத்தம் முடிந்த பின், 1947ல், அதில் பிரசவப் பகுதியும் திறக்கப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் பெர்னான் லமாஸ்.

1951ல் லமாஸ் மருத்துவர் குழு ஒன்றுடன் சோவியத் யூனியனுக்குச் சென்றார். லெனின்கிராடில் ஒரு பெண் மருந்து எதுவும் இல்லாமல், அலறாமல், அமைதியாகப் பிள்ளை பெற்றதைக் கண்ணால் கண்டார். அறுபது வயதை எட்டியிருந்த அந்த டாக்டர், தாம் கற்றதை மீண்டும் முதலிலிருந்து கற்கத் தயாரானார்.

அவர் கண்ட முறையில் மந்திரம் ஏதும் இல்லை. கார்கோவ் நகரத்து டாக்டர் வெல்வோவ்ஸ்கியும் அவருடைய தோழர்களும் விஞ்ஞானி பாவ்லோவின் ஆராய்ச்சிகளை அடிப்படையாகக் கொண்டு அதை வகுத்தார்கள். அச்சம் தசைகளை இறுகச் செய்கிறது. இறுக்கம் வலியைப் பெருக்குகிறது. வலி பெருகப் பெருக அச்சமும் பெருகுகிறது. பிரிட்டிஷ் டாக்டர் கிராண்ட்லி டிக்-ரீடும் 1930களிலேயே இதைச் சொல்லியிருந்தார். இந்தச் சங்கிலியை அறுக்க வேண்டும். கருப்பை எப்படிச் சுருங்குகிறது, குழந்தை எப்படி இறங்குகிறது என்பதைக் கர்ப்பிணிக்கு முன்கூட்டியே வகுப்பு வைத்து விளக்கினார்கள். வலி எழும்போது மூச்சு விடும் விதம், அடிவயிற்றையும் இடுப்பையும் நீவிக்கொள்ளும் விதம் ஆகியவற்றைப் பழக்கினார்கள். பிரசவ நேரத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்திலேயே இருந்து தைரியம் சொன்னார்.

லமாஸ் இதைப் பாரீசுக்குக் கொண்டு வந்தார். சங்கம் சம்மதித்தது, 1952 முதல் ப்ளுவே தெருவில் இந்த முறை நடைமுறைக்கு வந்தது. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. மருந்து வாங்கும் செலவு மிஞ்சியது என்று சங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. வகுப்பு நடத்த ஆள் வேண்டும், இடம் வேண்டும். பிரசவ அறையில் கூட இருக்கப் பயிற்சி பெற்ற பெண்கள் வேண்டும். ஊழியர்கள் எல்லோருமே பேச்சையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இவ்வளவுக்கும் தொழிலாளர்களின் ஆஸ்பத்திரி முன்வந்தது. அதனால்தான் அங்கே அது நிலைத்தது. இதில் ஒழுக்கத்திற்கு விரோதமானது எதுவும் இல்லை என்று 1956 ஜனவரியில் போப் 12ம் பயஸ் கூடச் சொல்ல வேண்டி வந்தது.

இதற்கு மறுபுறமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையல்ல. 1951 பிப்ரவரியில் சோவியத் சுகாதார அமைச்சகம் இந்த முறையை நாடு முழுவதும் கையாள உத்தரவிட்டது. ஆனால் யுத்தத்தின் நாசத்திலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்த நாட்டில், நெரிசல் மிகுந்த பிரசவ விடுதிகளில், வகுப்பு நடத்தவும் கூட இருக்கவும் போதிய ஊழியர்கள் இல்லை. பல இடங்களில் உத்தரவு காகிதத்தில் நின்றது. முறை ஒன்றுதான், ஆள் இருந்த இடத்தில் வேர் பிடித்தது, ஆள் இல்லாத இடத்தில் வாடியது.

இன்னொரு குறையும் நேர்ந்தது. "வலியில்லாப் பிரசவம்" என்று பெயர் வைத்ததால், அலறிய பெண் தான் தோற்றுவிட்டதாக நினைக்க நேர்ந்தது. இது தவறு. வலி ஆளுக்கு ஆள் வேறுபடும். பயிற்சி பலருக்கு வேதனையைக் குறைக்கிறது, தாங்கும் சக்தியைத் தருகிறது. எல்லோருக்கும் அதை முற்றிலும் போக்குவதில்லை. அலறுவது குற்றமல்ல. மருந்து கேட்பதும் குற்றமல்ல.

பாவ்லோவின் பெயரால் அன்று கூறப்பட்ட விளக்கங்களை இன்றைய மருத்துவம் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் நடைமுறையின் சாரம் நிலைத்து நிற்கிறது. மூச்சுப் பயிற்சி, நீவிவிடுதல், வெந்நீர் ஒத்தடம், நடமாடவும் நிமிர்ந்திருக்கவும் அனுமதி, தாய் விரும்பும் ஒருவர் கூடவே இருத்தல் ஆகியவற்றை உலக சுகாதார ஸ்தாபனம் 2018ல் சிபாரிசு செய்திருக்கிறது. கேட்கும் பெண்ணுக்கு வலி நீக்கும் மருந்தையும் அதே சிபாரிசு ஏற்கிறது. 15,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய 26 ஆய்வுகளை 2017ல் தொகுத்துப் பார்த்தார்கள். பிரசவம் முழுவதும் ஒருவர் விடாமல் துணை இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியன் ஆபரேஷனும் குறைகிறது என்று தெரிய வந்தது.

நம் நாட்டிலும் உத்தரவுக்குக் குறைவில்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணையை அனுமதிக்க மத்திய அரசு 2016ல் முடிவு செய்தது. தமிழ்நாட்டில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த ஏற்பாடு தொடங்கியது. ஆனால் ஒரே அறையில் கட்டிலோடு கட்டில் ஒட்டிக் கிடந்தால் துணைக்கு வந்தவர் எங்கே நிற்பார்? இடையே ஒரு திரைகூட இல்லாவிட்டால் கணவரை எப்படி உள்ளே விடுவார்கள்? ஒரு நர்ஸ் பல தாய்மாரை ஓடி ஓடிப் பார்க்கும்போது மூச்சு விடச் சொல்லிக் கொடுக்க நேரம் ஏது? அந்த நர்சும் உழைப்பாளிதான். அவர் பொறுமை இழந்து அதட்டினால், பழி அவர் தலையில் மட்டும் விழக் கூடாது. தேவையான ஆட்களை நியமிக்காத நிர்வாகமே முதல் குற்றவாளி.

ஆகவே நாம் கோருவது இதுதான்: பிரசவ அறைகளில் போதிய நர்சுகளை நியமிக்க வேண்டும். ஒவ்வொரு தாய்க்கும் மறைப்பும், விரும்பிய துணையும் வேண்டும். கர்ப்பிணிகளுக்கான வகுப்புகள் கிராமத்திலும் ஆலைப் பகுதியிலும் நடக்க வேண்டும். வகுப்புக்குப் போகும் நாளில் கூலி போகும் என்றால் எந்தக் கூலிப் பெண் வருவாள்? ஆகவே அந்த நாளுக்குச் சம்பளம் தர வேண்டும். மருந்து தேவைப்படும்போது மருந்தும், ஆபத்து நேர்ந்தால் ஆபரேஷனும் காசில்லாமல் கிடைக்க வேண்டும். மருந்தில்லா முறை என்பது ஏழைப் பெண்ணை வெறுங்கையோடு விட்டுவிடுவதற்கான சாக்கு ஆகிவிடக் கூடாது.

சங்கங்களும் மாதர் அமைப்புகளும் தத்தம் பகுதி ஆஸ்பத்திரிக்கு நேரில் சென்று, துணைக்கு அனுமதி உண்டா, எத்தனை நர்சுகள் இருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். போனஸ் பேசும் கூட்டத்தில் இதையும் பேச வேண்டும். பாரீஸ் உலோகத் தொழிலாளர்கள் அதைத் தங்கள் சங்கத்தின் வேலையாகவே கருதினார்கள்.