சப்பாத்து யாருடையது? காணி யாருடையது?

வான் கோ 1886இல் பாரிஸில் ஒரு சோடிச் சப்பாத்தை வரைந்தார். தோல் மடிஞ்சு, லேஸ் அவிழ்ந்து கிடக்கிற பழைய சப்பாத்து. சுற்றிவர வயலும் இல்லை, வீடும் இல்லை, ஆளும் இல்லை. படத்தில் இருக்கிறது அவ்வளவுதான்.

ஆனால் கலைப்பீடத்தில் அழகியல் படிக்கிற எங்களுக்கு இந்தப் படம் தனியா வராது. ஹைடெகரையும் கூட்டிக்கொண்டுதான் வரும். 1935-36இல் கலைப்படைப்பின் தோற்றம் பற்றி ஆற்றிய உரைகளில், அவர் இந்தச் சப்பாத்துக்குள்ள ஒரு கமக்காரப் பெண்ணைக் கண்டுபிடிக்கிறார். அவளின் களைத்த நடை, ஈரமண், சாப்பாட்டுக்கான கவலை, பிரசவம், சாவு எல்லாம் அதுக்குள்ள தெரியுதாம். நாங்களும் “என்ன ஒரு வாசிப்பு!” எண்டு நோட்ஸில் கோடு போட்டுக்கொண்டு போறம்.

1968இல் மேயர் ஷாபிரோ இதை மறுத்தார். இது கமக்காரியின் சப்பாத்து இல்லை, நகரத்தில் இருந்த ஓவியரின் சொந்தச் சப்பாத்து எண்டார். பாரிஸில் பழைய சாமான் சந்தையில் வாங்கினது எண்டு வான் கோவோடு கூடப் படிச்ச ஒருவர் சொன்ன கதையும் இருக்கு. 1978இல் தெரிதா வந்து, ரெண்டு பேரும் ஏன் இதை யாரிடமாவது திருப்பிக் குடுக்கத் துடிக்கிறீங்கள், முதல்ல இது ஒரு சோடிதானா எண்டு கேட்டார். பரீட்சை விடைக்கு இது போதும்.

எனக்குப் போதாது. சப்பாத்தின் சொந்தக்காரர் யார் எண்ட சண்டையில், ஹைடெகர் உருவாக்கின அந்தப் பெண்ணைப் பற்றிக் கதைக்காமலே விட்டுட்டம். அவளுக்குப் பெயர் இல்லை. கடன் இல்லை, குத்தகை இல்லை, முதலாளி இல்லை. அவளின் கவலைக்கு ஹைடெகர் போடுற அடைமொழியைக் கவனியுங்கள்: முறையிடாத கவலை. அவள் முறையிடமாட்டாள் எண்டு அவருக்கு யார் சொன்னது?

கமக்காரரைப் பற்றித்தான் சொல்லவேணும் எண்டால் அதே வான் கோ 1885இல் வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்போர்’ இருக்கே. அதில் ஐந்து பேர், நாலு முகம், வேலை செய்து முறுகின கைகள். ஹைடெகருக்கு அந்தப் படம் தேவைப்படவில்லை. முகம் இருந்தால் அது உங்களைத் திருப்பிப் பார்க்கும். வெறும் சப்பாத்துக்குள்ள எதையும் போட்டு நிரப்பலாம்.

காலத்தையும் பாருங்கள். 1933இல் ஹைடெகர் நாசிக் கட்சியில் சேர்ந்தார். அதே வருசம் செப்டம்பரில் நாசி அரசு பரம்பரைப் பண்ணைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மண்ணும் இரத்தமும் எண்டு கமக்காரரைப் புகழ்ந்த அந்தச் சட்டம், பண்ணையை விற்கவோ அடகு வைக்கவோ விடவில்லை. வாரிசு வரிசையில் ஆண்களை முன்னுக்கு நிறுத்தி, பெண்களைப் பின்னுக்குத் தள்ளியது. ஹைடெகர் இந்தச் சட்டத்துக்காகத்தான் எழுதினார் எண்டு நான் சொல்லவரவில்லை. சட்டம் பண்ணையை எடுத்துக்கொண்ட அதே வருசங்களில் தத்துவம் அவளுக்கு மண்ணின் மௌனத்தைக் குடுத்தது. அவர் வர்ணிச்ச பெண்ணால் அந்தச் சட்டத்துக்கு ஒரு இடைஞ்சலும் வந்திருக்காது. இவ்வளவுதான் சொல்லுறன்.

“அழகான வாசிப்புக்குள்ள அரசியலைக் கொண்டுவந்து பழுதாக்காதை” எண்டு சிலர் சொல்லுவினம். நான் ஒண்டும் கொண்டுவரேல்லை. முறையிடாத பெண் எண்டு எழுதின இடத்திலேயே அரசியல் இருக்கு.

இது ஐரோப்பாக்காரரின் வியாதி எண்டு நினைச்சுத் தப்பவும் ஏலாது. எங்கட ஆக்களும் சுளகையும் உரலையும் அம்மியையும் கழுவித் துடைச்சுக் கண்காட்சியில் வைக்கினம், ஹோட்டல் வாசலில் அலங்காரமா வைக்கினம். பக்கத்தில் ‘எமது வேர்கள்’ எண்டு ஒரு பலகை. சுளகு பிடிச்ச கையை வைச்சு அம்மம்மாவின் பொறுமை பற்றி ஒரு கவிதையும் வரும். ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட ஒரு பெண், தன்ர பேரில் இருக்கிற சீதனக் காணியை விற்கவேணும் எண்டால், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். அந்தக் கையெழுத்தைப் பற்றி எந்தக் கண்காட்சிப் பலகையிலும் நான் வாசிக்கேல்லை.

வீட்டுச் சாமானைக் கலையாக்க வேண்டாம் எண்டு நான் சொல்லவில்லை. சுளகு அழகுதான். வான் கோவின் சப்பாத்தும் அழகுதான். ஆனால் விமர்சனம் எழுதுற நாங்கள், ‘மண்வாசனை’ எண்டு எழுதுறதுக்கு முதல், புடைச்ச ஆளுக்குக் கூலி எவ்வளவு, உறுதியில் யாரின் பேர், அதை விற்க யாரைக் கேட்கவேணும் எண்டு விசாரிச்சுப் பார்ப்பம். அந்த விபரம் ஒண்டையும் தொடாத படைப்பெண்டால், அதையும் விமர்சனத்தில் எழுதுவம்.